மேல் குகைச் சுவர்

அந்தக் காட்டின் பெயரை இக்கட்டுரையில் நான் எழுதப் போவதில்லை. அனந்தபுரத்துக்கு அப்பால், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல் நிற்கும் குன்றுகளுக்கு நடுவே அது இருக்கிறது என்பது மட்டும் போதும். குகைகளுக்குப் பெயர் பெற்ற காப்புக்காடு. அங்கே கூட்டம் சேர்வதற்கு என் எழுத்து காரணமாக வேண்டாம். ஒருமுறை நான் சென்று வந்ததே அந்தக் காட்டுக்குப் பெருங்கேடாக முடிந்தது.

விழுப்புரத்தில் எங்களுக்கு உழவாரக் குழு ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை குறைந்துபோன ஏதாவதொரு சிவாலயத்துக்குச் சென்று, புல் செதுக்கி, ஒட்டடை அடித்து, கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அரப்புத்தூள் போட்டுத் துலக்கிவிட்டு வருவது எங்கள் தொண்டு. எழுபத்து மூன்று வயதான நான் குழுவில் மூத்தவன். பதிகம் ஓதும் பொறுப்பும் என்னுடையது. வேலைக்கும் எங்களுக்குப் பதிகமே அளவு. பதினொரு பாட்டும் முடியும்வரை ஒரு கை தேய்க்கும். அடுத்த பதிகத்துக்கு மறு கை. இப்படிச் செய்தால் களைப்புத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டுகூடத் தேய்க்கலாம்.

அந்தக் காட்டின் கீழ்க் குகையில் சிவலிங்கம் ஒன்று பாழ்பட்டுக் கிடப்பதாகச் செயலாளர் குமரவேல் கேள்விப்பட்டு வந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், எதையும் முடித்துவிட்டுத்தான் உட்காருவார். வனத்துறையிடம் அனுமதியும் அவரே வாங்கினார். சனிக்கிழமை துப்புரவு, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு என்று ஏற்பாடு. “கீழ்க் குகையும் அதனை ஒட்டிய சுனையும்” என்று அனுமதித் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அதை நானும் படித்தேன்.

காட்டுக்கு இரண்டு கல் தொலைவிலேயே வேன் நின்றுவிட்டது. வழியில் சிறுபாலம் ஒன்று இடிந்து உட்கார்ந்திருந்தது. குடங்களும் உழவாரப் படைகளும் அரப்புத்தூள் மூட்டையுமாக நாங்கள் சாலையோரம் நின்றபோது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டியவர் எங்கள் நெற்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏறிக்கோங்க சாமிங்களா. மல்லாட்டை மேலயே ஒக்காருங்க. ஆனா போற வழியில தின்னுக்கினே வராதீங்க.”

“தின்னாதான் என்னப்பா, புண்ணியம்தானே உனக்கு” என்றார் தனலட்சுமி அம்மாள். ஓய்வு பெற்ற செவிலியர். எங்கள் குழுவுக்குச் சமையலும் வாயும் அவர்தாம்.

“புண்ணியம் வீட்ல வேணாம்ன்றாங்கம்மா. மல்லாட்டைதான் வேணுமாம்.”

பதிகங்களில் மலை வந்தால் அருவி வரும், வேங்கை பூக்கும், மந்தி கிளை தாவும், மூங்கில் முத்து உதிர்க்கும். அறுபது ஆண்டுகளாக அந்த மலையில்தான் என் நாக்கு ஏறி இறங்கியிருக்கிறது. கண்ணெதிரே நின்றதோ முட்புதரும் கொதிக்கும் பாறையும். அருவி இருந்த சுவடே இல்லை. ஒரு மயில் மட்டும் பாறைமேல் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபுறம் இறங்கிப் போயிற்று. மலையென்றால் இதுதானா என்று திகைத்துத்தான் போனேன்.

வாயிற்கம்பியைத் திறந்துவிட்டவர் வனக்காவலர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, கணுக்காலுக்கு மேல் மடித்த கால்சட்டை, கையில் ஒரு கழி. எங்களைக் கண்டதும் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“வாங்க சாமி. கீழ் குகை உங்களுக்கு. சுனையாண்ட சோப்பு போடாதீங்க, குரங்கு குடிக்கிற தண்ணி. அப்புறம், மேல் குகைக்குப் போவாதீங்க. அங்க பண்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

“தேன்கூடு இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“ஆங், அதுவும் கீது.”

எங்கள் வயதைக் கருதிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அக்கறைக்காக மனத்துக்குள் அவரை வாழ்த்தியும் விட்டேன்.

கீழ்க் குகையைக் கண்டபோது எங்களில் பலர் வாய்விட்டுச் “சிவசிவ” என்றார்கள். அக்காலத் துறவியர் துயின்ற கற்படுக்கைகள் நான்கு அங்கே உண்டு. அவற்றின் மேல் உடைந்த பாட்டில்களும் கசங்கிய சீட்டுக்கட்டும் கோழி எலும்பும் கிடந்தன. இலிங்கத்தைத் தேட வேண்டியிருந்தது. வௌவால் எச்சம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, அதற்குள் ஆவுடையார் மூடுண்டு கிடந்தது. “சனி ஞாயிறுல மதில் ஏறிக் குதிச்சு வந்துடறானுங்க சாமி. நான் ஒருத்தன். காடு மூணு பக்கம்” என்றார் ஏழுமலை, ஏதோ தம் வீட்டை நாங்கள் அப்படிப் பார்த்துவிட்டது போல.

நாங்கள் எச்சத்தை வாரினோம். கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினோம். நண்பகலுக்குள் இலிங்கம் நீராடி, கறுத்து, பளபளத்து நின்றது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஏழுமலையும் எங்களோடு கூடை சுமந்தார். அது அவருடைய வேலையன்று.

உணவு வேளையில் எங்கள் புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு, தம் தூக்குவாளியிலிருந்த கேப்பைக் கூழை எங்களுக்கு ஊற்றினார். மோரும் சின்ன வெங்காயமும் கலந்த கூழ். அந்த வெயிலுக்கு அதைப்போல் எதுவும் தொண்டையில் இறங்கியதில்லை.

“எத்தனை வருசமா இந்த வேலை?” என்று கேட்டார் தனலட்சுமி அம்மாள்.

“பதினாலு வருசம்மா. இன்னும் தற்காலிகம்தான்.”

“எங்க வீட்டுக்காரர் கூடக் கல்யாணத்தப்ப அப்படித்தான் நெனச்சாரு. நாப்பது வருசம் ஆயிடுச்சு.”

ஏழுமலை வாய்க்குள் சிரித்தார். “அடுத்த மாசம் நிரந்தரம் பண்ற பட்டியல் வருதும்மா. என் பேரு மூணாவதா கீதுன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் இந்தக் காட்டுல ஒரு குச்சி ஒடியக்கூடாது. ஒடிஞ்சா என் பேருதான் அடிபடும்.”

சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசி ஒலித்தது. வடபுறத்தில் ஆடுகள் உள்ளே நுழைந்துவிட்டனவாம். “பேஜாரு சாமி இதுங்களோட. ஜல்தியா வந்துர்றேன்” என்று கழியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எங்களை ஏற்றிப்போக வருவதாகச் சொல்லியிருந்த டிராக்டர் வர இரண்டு மணி நேரம் இருந்தது. அரப்புத்தூளில் பாதி மூட்டை மிச்சம். சும்மா உட்கார்ந்திருப்பது தொண்டுக்கு அழகன்று என்று சொன்னவன் நான். மேல் குகையையும் பார்த்துவிடலாம் என்று எழுந்தவனும் நானே. “போக வேணாம்னு சொன்னாரே ஐயா” என்றார் ஒருவர். “தேனீக்கு அஞ்சியா இறைபணியை விடுவது?” என்றேன். அறுவர் ஏறினோம். தேன்கூடு தொலைவில், எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு பாறை இடுக்கில் தொங்கியது.

மேல் குகை சிறியது, சுவர் வெளிறியது. ஒரு மூலையில் எவனோ தன் பெயரையும் ஒருத்தியின் பெயரையும் நீல வண்ணத்தில் எழுதி வைத்திருந்தான். அதன் அருகே, ஆள் உயரத்துக்கும் சற்று மேல்வரை, செந்நிறத்தில் கறைகளும் கோடுகளும். வெற்றிலை எச்சில் என்று ஒரே பார்வையில் முடிவு செய்தேன். கீழே பார்த்ததெல்லாம் கண்ணுக்குள் இருந்தது. நெஞ்சு எரிந்தது.

தனலட்சுமி அம்மாள் மட்டும் அண்ணாந்து பார்த்தார். “எச்சில்னா இவ்ளோ உயரத்துல எப்படிங்கய்யா துப்பியிருப்பான்?”

“மரமேறியா இருப்பான்” என்றார் குமரவேல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கறை எளிதில் போகவில்லை. தேங்காய் நாரும் அரப்பும் தோற்ற இடத்தில் குமரவேல் தம் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பி பிரஷ் வென்றது. மூன்று பதிகம் ஆயிற்று. சிவந்த நீர் சுவரில் வழிந்து என் காலடியில் தேங்கியது. முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபோது, புதிதாக வெள்ளையடித்த கருவறை போல எனக்குத் தோன்றிற்று.

அன்று மாலை மயிலத்தில் மடத்து விடுதியில் தங்கினோம். சூடான இட்லியும் மல்லாட்டைச் சட்னியும். நான்கு இட்லிக்கு மேல் உண்ணாதவன் ஏழு உண்டேன்.

மறுநாள் வழிபாடு நிறைவாக நடந்தது. ஏழுமலை வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். தீபாராதனையின் ஒளி இலிங்கத்தின் மீது விழுந்தபோது அவர் கண்கள் கலங்கியதைக் கண்டேன். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சாமி, பதினாலு வருசத்துல இந்தக் குகையை இப்படி நான் பார்த்ததில்ல. உங்களுக்கு என்னா செய்றதுன்னு ராவெல்லாம் யோசிச்சேன். வாங்க, மேல ஒண்ணு காட்டுறேன். யாருக்கும் காட்டுறது இல்ல. உங்களுக்கு மட்டும்.”

மேல் குகைக்கா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் அதையும் துலக்கி வைத்திருப்பதைக் கண்டு அவர் அடையப்போகும் வியப்பை நான் கெடுக்க விரும்பவில்லை. அவர் எனக்குத் தர ஒன்று வைத்திருந்தார். நானும் அவருக்குத் தர ஒன்று வைத்திருந்தேன். இருவரும் முகமலர்ச்சியோடு ஏறினோம். முள் விலக்கி எனக்கு வழி விட்டுக்கொண்டே அவர் பேசினார்.

“அங்க அறிவிப்புப் பலகைகூட வேணாம்னு ஆபீசுல நான்தான் சொன்னேன். பலகை வச்சா அடுத்த வாரமே பேரை எழுதிடுவானுங்க. ஏற்கெனவே ஒரு கழுதை எழுதிட்டுப் போயிருக்கு.”

“உள்ளே என்ன இருக்கிறது?”

“ஆளுங்க சாமி.”

சித்தர் எவரேனும் தவமிருந்த இடம் போலும் என்று எண்ணினேன். “எந்தக் காலத்தவர்?”

“அது யாருக்குத் தெரியும்? கோயிலு குளம்லாம் வர்றதுக்கு முன்னாடியாம். அளக்குறதுக்குத் தொல்லியல் ஆபீசுலேர்ந்து வரப்போறாங்க, அடுத்த மாசம். அந்தக் காலத்துலயே பாறையில வரைஞ்சு வச்சிருக்காங்க. கைகோத்துக்கினு நிப்பாங்க பாருங்க, நம்மளப் பார்க்குற மாதிரியே.”

என் கால் நின்றுவிட்டது.

“சிவப்பிலா?” என்று கேட்டேன்.

“செங்கல்லு மாதிரி. உங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு வேகமாக மேலே ஏறினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குகை வாயிலில் நின்றிருந்தார். உள்ளே பார்த்தார். வெளியே திரும்பி, தாம் வந்த வழியையும் எதிரே இருந்த பாறையையும் பார்த்தார். வேறு குகைக்கு வந்துவிட்டோமோ என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. மறுபடி உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். விரல்களை முகர்ந்தார்.

“அரப்பு” என்றார்.

நான் கைகூப்பி நின்றேன்.

“எத்தினி பேரு?”

“ஆறு பேர்.”

“நீங்களுமா?”

“நான்தான் முதலில்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அப்படியே சுவர் ஓரம் குந்தினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெறுஞ்சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்துவார், பிறகு நகர்வார். அங்கே எவரெவர் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியும். அறுபது ஆண்டுகள் வழிபாட்டிலேயே கழித்தவன் நான். ஒரு சுவரின் முன் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்ததை அதுவரை கண்டதில்லை.

கீழே வந்து குழுவினரிடம் சொன்னேன்.

“மழையில கரைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா என்ன?” என்றார் குமரவேல்.

“குகைக்குள்ள மழையா?” என்றார் தனலட்சுமி அம்மாள். “பேசாம இருங்க குமரவேல். நேத்து சிரிச்சது போதும்.”

“ஐயாவுக்காகத்தாம்மா சொல்றேன். இது கேஸ் சமாச்சாரம். இந்த வயசுல கோர்ட்டு வராந்தாவுல போய் நிக்கணுமா?”

ஏழுமலை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நான் நாளைக்கு ஆபீசுல போய்ச் சொல்லித்தான் ஆவணும். நீங்க வந்தாலும் வரலைன்னாலும்” என்றார்.

வருகிறேன் என்றேன். குழு விழுப்புரம் திரும்பியது. நான் மயிலத்திலேயே தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை திண்டிவனம் பேருந்து கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பி வழிந்தது. “சாமிக்கு எடம் குடுங்கப்பா” என்றார் நடத்துநர். இருவர் உடனே எழுந்தார்கள். என் நெற்றியில் எதைக் கண்டு எழுந்தார்களோ, அதைச் சுமந்துகொண்டு உட்காரக் கூசிற்று. இறங்கும்வரை நின்றுகொண்டே போனேன்.

வனச்சரக அலுவலர் நாற்பது வயதுடைய ஒரு பெண்மணி. அவருடைய மேசைக்கு எதிரே ஏழுமலை ஏற்கெனவே நின்றிருந்தார். நான் பேசத் தொடங்கியதும் அலுவலர் கையை உயர்த்தித் தடுத்து, ஒரு தாளை நீட்டினார். “எழுதிக் குடுங்கய்யா.”

எழுதினேன். நல்ல தமிழில், பிழையின்றி எழுதினேன். மேல் குகைச் சுவரில் இருந்தவை தொல்லோவியங்கள் என்பதை அறியாமல், கறையெனக் கருதித் துலக்கிவிட்டோம்; இச்செயலுக்கு நானே பொறுப்பு; உரிய தண்டனையை ஏற்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அவர் இருமுறை படித்தார். “அங்க போகக்கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

நான் வாய் திறப்பதற்குள் அவர் ஏழுமலை பக்கம் திரும்பிவிட்டார். “இவங்க உள்ள இருக்கும்போது நீ அங்க இல்ல. சரி, ஆடு விரட்டப் போன. போறதுக்கு முன்னாடி சொல்ல வேணாமா? பதினாலு வருசமா அங்க என்ன பண்ணிக்கினு இருந்த? இப்ப நான் பட்டியல்ல உன் பேரை எப்படி விடுவேன்?”

ஏழுமலை ஒன்றும் சொல்லவில்லை. “சொன்னேன் மேடம்” என்ற இரண்டு சொல் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு திருநீற்று நெற்றிகளுக்கு எதிரே தம் சொல் எடுபடாது என்று அவர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு முன் வாயிற்கம்பி அருகே தாம் சொன்னது எடுபடாததை அவர் மேல் குகைச் சுவரில் கண்கூடாகப் பார்த்தவர்தானே.

“தாளைக் கொடுங்கள் அம்மா” என்றேன். கையெழுத்துக்கு மேலே இடம் இருந்தது. அங்கே எழுதினேன்: ‘மேல் குகைக்குப் போக வேண்டாம் என்று காவலர் ஏழுமலை காலையிலேயே எங்களிடம் சொன்னார். அது என் காதில் தெளிவாக விழுந்தது. அனுமதித் தாளிலும் அக்குகை இல்லை என்பதை நான் அறிவேன். அவர் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை.’

அலுவலர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதை எழுதிட்டா, தெரியாம செஞ்சோம்னு நீங்க எங்கயும் சொல்ல முடியாதுங்கய்யா.”

“தெரியும் அம்மா.”

அவர் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார். நாடாவின் முடிச்சு விழும்வரை ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் பேரு பட்டியல்ல இருக்கும்” என்றார் அலுவலர் அவரிடம். “இப்ப உக்காரு. நம்மகிட்ட இருக்கிற ஒரே போட்டோவுல பாதி தெரியல. சுவத்துல இருந்ததை நீதான் வரையணும். அறிக்கையோட வைக்கணும்.”

ஏழுமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சிவப்பு மைப் பேனா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தயக்கமே இல்லை. முதலில் இடக்கோடியில் ஒரு மாடு. கொம்பு பின்னோக்கி வளைந்தது. அதன் பின்னே குச்சி போன்ற உடலும் அகன்ற தோளுமாக ஒருவர். பிறகு கைகோத்த மூவர். நான் கறை என்று கண்டதெல்லாம் அந்தத் தாளில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஐந்தாவது ஆள் சற்றுத் தள்ளி, ஒரு கையை உயர்த்தியிருந்தார். அந்தக் கையில் வந்து பேனா நின்றது.

“இவரு கையில ஏதோ வச்சிருந்தாரு மேடம். பூவா, ஆயுதமான்னு தெரியாது. மங்கலா இருக்கும். கிட்ட போனாத்தான் தெரியும். மூச்சுக்காத்து படக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, நான் தள்ளி நின்னுதான் பார்ப்பேன்.” பிறகு, குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இன்றி, “சாமி கிட்ட நின்னாரு” என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உயர்ந்த அந்தக் கைக்கு எதிரே, ஒரு சாண் தொலைவில், மூன்று பதிகம் முடியும்வரை என் முகம் இருந்தது. நினைவைத் துழாவினேன். ஓதிய பாட்டுகள் ஒரு சீர் பிசகாமல் வரிசையாக வந்தன. வேறொன்றும் வரவில்லை.

“தெரியவில்லை” என்றேன்.

ஏழுமலை மறுபடி தாளின் மேல் குனிந்தார். பிறகு அந்தக் கையை வெறுங்கையாகவே வரைந்து முடித்தார்.